மாமிக்கு ஒரு மைக்!

தமிழனுக்கும் மைக்குக்கும் உள்ள உறவு, தமிழனுக்கும் இட்லிக்கும் உள்ள உறவைவிட நெருக்கமானது. காதுகுத்தா? மைக். கல்யாணமா? மைக். கட்சிக் கூட்டமா? கேட்கவே வேண்டாம். நாலு பேர் நிற்கிற இடத்தில் ஒரு மைக்கை வைத்துவிட்டால் மூன்று பேருக்குப் பேச்சு வந்துவிடும். நாலாவது ஆள் ‘ஹலோ... ஒன்... டூ... த்ரீ...’ என்று எண்ணிக்கொண்டிருப்பார். மைக் டெஸ்ட் செய்கிறவர் நாலு வரைக்கும் எண்ணி நான் பார்த்ததில்லை.

இத்தனை நெருக்கம் இருந்தும் ‘எந்த மைக்?’ என்று ஒருத்தரும் கேட்பதில்லை. வெண்டைக்காய் வாங்கினால் நுனியை ஒடித்துப் பார்க்கிறோம். தேங்காயைத் தட்டிப் பார்க்கிறோம். மாப்பிள்ளை என்றால் அவன் ஆபீஸ் வாட்ச்மேன் வரைக்கும் விசாரிக்கிறோம். மைக்கை மட்டும் ‘ஏதோ ஒண்ணு குடுப்பா’ என்று வாங்கி வாயருகே வைத்துக்கொள்கிறோம். அப்புறம், ‘என் குரல் ஏன் கிணத்துக்குள்ளேர்ந்து வருது?’ என்று கவலைப்படுகிறோம். கிணறு தொண்டையில் இல்லை சார், கையில் இருக்கிறது.

இந்த விசாரணையில் நான் இறங்கியது மார்த்தாண்டத்தில். காரணம், மாமி.

மாமி என்றால் அப்பாவின் தங்கை. எங்கள் பக்கத்தில் அத்தையும் மாமிதான். சர்ச் பாடகர் குழுவில் முப்பத்தோரு வருஷமாகப் பாடுகிறாள். எங்கள் மாவட்டத்துக்கும் கீர்த்தனைக்கும் பழைய சம்பந்தம். மயிலாடி ஜான் பால்மர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கீர்த்தனைகளை ராகம் தாளத்தோடு எழுதி வைத்துவிட்டுப் போனவர். மாமி அவற்றில் மேல் ஸ்தாயியைப் பிடித்தால் கோபுரத்து வௌவால்கள் இடம் மாறி உட்காரும் என்று மாமா சொல்வார். (மாமா இதைப் புகழ்ச்சியாகத்தான் சொல்கிறார் என்று நம்புகிறோம்.)

போன வருஷம் மாமிக்குக் கழுத்தில் ஒரு கட்டி. தைராய்டு. ஆபரேஷன் என்றார்கள். டாக்டர் நல்ல மனிதர். “பயப்படவே வேண்டாம்” என்று சொல்லிவிட்டு, மாமி பாடுகிறவள் என்று தெரிந்ததும் கொஞ்சம் நிதானித்தார். “குரல் நாணுக்குப் போற நரம்பு தைராய்டுக்குப் பின்னாடிதான் போகுது. பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. ஆனா சிலருக்குக் குரல் கொஞ்சம் மாறலாம். பாடறவங்கன்னு சொன்னதால சொல்றேன்.”

அன்று ராத்திரி அபுதாபியிலிருந்து மாமியின் மகன் போன் செய்தான். “மச்சான், எனக்க அம்மைக்க குரல் ஒரு இடத்திலயும் கிடையாது கேட்டியா. ஃபங்ஷன் வீடியோல பத்து பேரு கூட்டத்துல ஒண்ணாத்தான் கேக்குது. இருபதாயிரம் அனுப்புதேன். நல்ல மைக்கா ஒண்ணு வாங்கு.”

யோசித்துப் பார்த்தால் அவன் சொன்னது சரி. நாகர்கோவிலில் 1984-ல் ஆகாசவாணி நிலையம் வந்தது. நாட்டிலேயே முதல் உள்ளூர் வானொலி நிலையம் அது. அங்கே ஒருதடவை மாமி குழுவோடு போய்ப் பாடினாள். ரேடியோவில் வந்தது. தெருவே கேட்டது. காற்றோடு போயிற்று. பதிந்து வைக்க அப்போது வீட்டில் டேப் ரெக்கார்டர் கிடையாது.

கையில் இருபதாயிரம். ஆபரேஷனுக்குப் பதினோரு நாள்.

* * *

மார்த்தாண்டத்தில் ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. முதல் ஆலோசகர் மார்க்கெட் பக்கம் மைக் செட் வைத்திருக்கும் அண்ணாச்சி. கோயில் கொடையா, சர்ச் திருவிழாவா, மாநாடா, மதபேதம் பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே சத்தம் கொடுப்பவர். “டைனமிக்தான் மக்கா. கீழ விழுந்தாலும் ஒடையாது. மழை நனைஞ்சாலும் பாடும். அதாக்கும் மைக்கு” என்றார்.

இரண்டாவது ஆலோசகர் சித்தப்பா மகன். என்ஜினீயரிங் படிக்கிறான். காதில் இயர்போனோடு பிறந்தவன். “அண்ணே, கன்டென்சர் இல்லாம ஸ்டூடியோ சவுண்டு வராது. டைனமிக் எல்லாம் கட்சிக் கூட்டத்துக்கு” என்று ஒரே வரியில் அண்ணாச்சியின் நாற்பது வருஷ சர்வீஸை முடித்துவைத்தான்.

இந்த இரண்டு ஜாதி மைக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். இரண்டு நிமிஷம் பொறுத்துக்கொள்ளுங்கள், பரீட்சை கிடையாது.

டைனமிக் என்பது திருப்பிப் போட்ட ஸ்பீக்கர். ஒரு சின்ன சவ்வு, அதன் முதுகில் கம்பிச் சுருள், சுற்றிலும் காந்தம். நாம் பாடினால் சவ்வு ஆடும், சுருள் ஆடும், மின்சாரம் பிறக்கும். கரண்ட் கனெக்‌ஷன் தேவையில்லை. சைக்கிள் டைனமோவின் சித்தி மகன். இதில் உலகப் புகழ் பெற்றது ஷூர் கம்பெனியின் எஸ்எம்58. பந்துத் தலையோடு, சினிமாக் கச்சேரி மேடைகளில் பார்க்கிறோமே, அதேதான். 1966-ல் வந்தது, இன்றும் மாறவில்லை. பெயரிலுள்ள ‘எஸ்எம்’ என்பது ‘ஸ்டூடியோ மைக்ரோபோன்’ என்பதன் சுருக்கம். ஸ்டூடியோவுக்குப் பிறந்து மேடையில் பிழைத்த பிள்ளை. அதற்கு ஒரு வருஷம் மூத்த அண்ணன் எஸ்எம்57. அமெரிக்க ஜனாதிபதிகளின் மேஜை மேல் ஜான்சன் காலத்திலிருந்து நிற்பது அதுதான்.

கன்டென்சர் வேறு மாதிரி. தலைமுடியைவிட மெல்லிய சவ்வில் உலோகப் பூச்சு. அதன் பின்னால் மயிரிழை இடைவெளியில் ஒரு தகடு. இரண்டுக்கும் நடுவே மின்னேற்றம். சவ்வு ரொம்ப லேசானதால் மூச்சு விட்டால்கூட அசையும். 1916-ல் அமெரிக்காவில் வென்டே என்பவர் கண்டுபிடித்தது. 1928-ல் பெர்லினில் நியூமன் கம்பெனி இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதற்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்க வேண்டும், 48 வோல்ட்.

அதென்ன கணக்கு 48? 1966-ல் நியூமன் கம்பெனி நார்வே ரேடியோவுக்கு மைக் கொடுத்தது. குளிர்காலத்தில் சூரியன் கேஷுவல் லீவில் போய்விடும் தேசம். அவசர விளக்குகளுக்கென்று அந்த ரேடியோ நிலையத்தில் ஏற்கெனவே 48 வோல்ட் சப்ளை ஓடிக்கொண்டிருந்தது. அதையே மைக்குக்கும் திருப்பிவிட்டார்கள். உலகமே அதைப் பின்பற்றிவிட்டது. இன்று மார்த்தாண்டத்தில் ஒருவன் கன்டென்சருக்கு ஸ்விட்ச் போடுகிறான் என்றால், நார்வே வராந்தாவில் லைட் போடுகிறான் என்று அர்த்தம்.

மூன்றாவதாக ஒரு ஆள் உண்டு. உங்கள் சட்டைப் பையில் இருக்கிறார். செல்போன்.

* * *

பி.காம். படித்தவனிடம் மூன்று பொருளைக் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் என்ன செய்வான்? பேப்பரில் கோடு கிழிப்பான். நானும் கிழித்தேன். அண்ணாச்சியிடமிருந்து எஸ்எம்58 ஒன்று. குழித்துறையில் கல்யாண வீடியோ எடுக்கும் நண்பரிடமிருந்து கன்டென்சர் ஒன்று, அதற்கான கருவியோடு. என் செல்போன். மூன்றும் மாமி வீட்டு முன்னறையில்.

சோதனைக்கு மூன்று விதி. ஒன்று, ஒரே பாட்டு, ஒரே இடம், ஒரே நாற்காலி. இரண்டு, கேட்கிறபோது மூன்றின் சத்த அளவையும் சமமாக்கிவிட வேண்டும். இது முக்கியம். இரண்டு சத்தத்தில் கொஞ்சம் கூடுதலாக இருப்பதையே காது ‘இதுதான் நல்லா இருக்கு’ என்று சொல்லிவிடும். கடைக்காரர்களுக்கு இது தெரியும். மூன்று, எது எந்த மைக் என்று கேட்கிறவருக்குத் தெரியக்கூடாது. விலை தெரிந்தால் காது விலையைத்தான் கேட்கும்.

நீதிபதி, மாமி.

முதல் பதிவு செல்போன். மாமி கேட்டுவிட்டு, “இது யாரோ என்னைப் போல மிமிக்ரி செய்யுதாங்க” என்றாள். காரணம் உண்டு. செல்போன் பேசுவதற்கென்று செய்தது. மெல்லப் பாடினால் தானே சத்தத்தை ஏற்றும். ஓங்கிப் பாடினால் தானே இறக்கும். பின்னணி இரைச்சலை நீக்குகிறேன் பேர்வழி என்று வார்த்தையின் வாலையும் நறுக்கிவிடும். பேச்சுக்கு அது உபகாரம். கீர்த்தனையில் ஒரு சங்கதி மெதுவாகத் தேய்ந்து முடிகிற இடத்தில் அது கத்தரிக்கோல். (இந்தத் திருத்தங்களை நிறுத்திவைக்கும் ரெக்கார்டிங் ஆப்கள் இருக்கின்றன. போட்டுப் பார்த்தோம், பாதி சரியாயிற்று.)

இரண்டாவது கன்டென்சர். ஆஹா! மாமியின் மூச்சு, உதடு பிரிகிற சத்தம், எல்லாம் கண்ணாடியாக. கூடவே மின்விசிறி. கூடவே பிரிட்ஜ் மோட்டார். மூன்றாவது வீட்டு குக்கர் விசில். மேம்பாலத்துக்கு அடியில் திருவனந்தபுரம் பஸ் கண்டக்டரின் விசில். 2018-ல் மேம்பாலம் திறந்தபிறகு மார்த்தாண்டத்தில் வண்டிகள் மேலே பாதி, கீழே பாதி ஓடுகின்றன. கன்டென்சர் இரண்டையும் கேட்டது. போதாக்குறைக்கு டைல்ஸ் தரை, வெறும் சுவர். குரல் போய் மோதித் திரும்பி வந்து ‘நானும் வந்துட்டேன்’ என்றது.

இன்னொன்று. நம் கீர்த்தனைகளில் ‘ஸ்தோத்திரம்’ நிறைய. கன்டென்சருக்கு ‘ஸ்’ என்றால் பிராணன். ஒவ்வொரு ஸ்தோத்திரத்துக்கும் காதில் ஊசி குத்தியது.

மூன்றாவது எஸ்எம்58. மாமி மட்டும் இருந்தாள். கொஞ்சம் கம்பளி போர்த்தின மாதிரி, ஆனால் மாமிதான்.

“இதாக்கும் நான்” என்றாள்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். தம்பி இயர்போனைக் கழற்றினான். அவன் அதைக் கழற்றி நான் பார்த்தது அன்றுதான்.

* * *

ஆனால் தம்பி லேசுப்பட்டவன் இல்லை. “அண்ணே, சோதனை சரியில்லை. டைனமிக்கை மாமி வாயோட ஒட்டி வச்சீங்க. கன்டென்சரை ஒரு சாண் தள்ளி வச்சீங்க. விதி ஒண்ணுன்னா தூரமும் ஒண்ணா இருக்கணும்ல?”

நியாயமான கேள்வி. விஷயத்தின் சூட்சுமமே இங்கேதான். டைனமிக் மைக் வெளிச் சத்தத்தை வடிகட்டிவிடும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். பாதிதான் உண்மை. மிச்சப் பாதி தூரம். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரண்டு மடங்கானால் குரலின் அழுத்தம் பாதியாகிவிடும். பஸ்ஸுக்கோ நீங்கள் ஒரு சாண் தள்ளினாலும் தள்ளாவிட்டாலும் ஒன்றுதான், அது ஏற்கெனவே நானூறு அடி தள்ளித்தான் நிற்கிறது. ஆக, கிட்டே வந்தால் மாமி பெரிதாவாள், பஸ் அப்படியே இருக்கும்.

கன்டென்சரையும் நாலு விரல் தூரத்துக்குக் கொண்டுவந்து பதிந்தோம். தம்பி சொன்னது சரிதான், பாதி பஸ்கள் போய்விட்டன. ஆனால் இப்போது ‘ப’ வரும் இடத்திலெல்லாம் ‘டப்’பென்று வெடித்தது. மூச்சு புயலாக வந்தது. மாமி மேல் ஸ்தாயிக்குப் போனபோது சத்தம் தாங்காமல் கரகரத்தது. (இங்கிலீஷ்காரர்களின் ‘ப’வோடு ஒப்பிட்டால் நம் ‘ப’ சாது. அவர்கள் அதைச் சொல்லும்போது காற்றையும் சேர்த்து ஊதுகிறார்கள். நம் தமிழில் காற்று குறைவு. ஆனால் பாடுகிற வேகத்தில் சாதுவும் மிரளும்.)

டைனமிக்கின் பெருமை இதுதான். அது காது மந்தமானது என்பதால், கிட்டே போக விடும். கிட்டே போனால் இன்னொரு லாபமும் உண்டு. இதயவடிவில் கேட்கிற மைக்குகளில் வாயை நெருக்கமாக வைத்தால் கீழ் சுருதி கொஞ்சம் தடிக்கும். எஃப்எம் ரேடியோக்காரர்களின் ‘வணக்கம் நேயர்களே’ கனமாக வருவதில் இதற்கும் பங்குண்டு. வயசாகி மெலிந்த குரலுக்கு இது ஒரு வேளை நல்ல சாப்பாடு போட்ட மாதிரி.

இதயவடிவம் என்றேனே, அது முன்னாலும் பக்கவாட்டிலும் கேட்கும், முதுகுப் பக்கம் கேட்காது. அதனால் மைக்கின் முதுகை எந்தப் பக்கம் திருப்புகிறோம் என்பது முகத்தைத் திருப்புவதைவிட முக்கியம். மாமி வீட்டில் மைக்கின் முதுகை நெடுஞ்சாலைக்குக் காட்டினோம். ஒரு எச்சரிக்கை: மேடைப் பாடகர்கள் சிலர் பந்துத் தலையைக் கையால் பொத்திப் பிடிப்பார்கள். பார்க்க ஸ்டைல்தான். ஆனால் பொத்தினால் இதயம் போய்விடும். நாலா பக்கமும் கேட்கத் தொடங்கி, ‘கூ’வென்று கத்தும். மைக் செட்காரரைத் திரும்பி முறைப்பார்கள். அவர் பாவம், என்ன செய்வார்?

* * *

“அப்பம் எல்லாத்துக்கும் டைனமிக் போதுமா அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். “இல்ல மக்கா. வில்லுப்பாட்டுக்கு எனக்கு முழி பிதுங்கும்.”

வில்லுப்பாட்டு நாஞ்சில் நாட்டுச் சொத்து. கலைவாணர் என்.எஸ்.கே. தன் ஊரான நாகர்கோவிலிலிருந்து பட்டணத்துக்குக் கொண்டுபோன கலைகளில் ஒன்று. ஒரே மேடையில் ஐந்து விதச் சத்தம். வீசுகோல் பட்டால் வில்லின் மணிகள் சிதறும். உடுக்கை அழும், விம்மும். குடத்தின் வாயில் மட்டையால் அடித்தால் வயிற்றுக்குள்ளிருந்து ‘பும்’ என்று எழும். ஜால்ரா காதைக் கிழிக்கும். மரக்கட்டை டக்டக்கும். நடுவில் புலவரின் குரல்.

“எல்லாத்துக்கும் மைக்கு வச்சா அஞ்சும் அஞ்சு கூட்டத்தையும் கேக்கும். ஒண்ணே ஒண்ணு வச்சா ஜால்ராக்காரன்தான் புலவர்” என்றார் அண்ணாச்சி. அவர் வழி இது: புலவருக்கு டைனமிக், வாயோடு ஒட்டி. குடத்துக்கு ஒன்று, வாய்க்கு நேராக இல்லாமல் கொஞ்சம் சாய்த்து. நேராக வைத்தால் அடிக்கிற காற்று மைக்குக்குள் போய்விடும். ஜால்ராவுக்கு மைக்கே கிடையாது, அது எப்படியும் எல்லாவற்றிலும் கேட்கும். மணிச் சத்தம் தெளிவாக வேண்டுமென்றால் கன்டென்சர். மணி, தாளம் மாதிரி சன்னமான சத்தங்களின் மினுக்கத்தை டைனமிக் பாதி விழுங்கிவிடும். ஆனால் கொடை நடக்கிற திறந்தவெளியில், மழை வந்தால் கன்டென்சரைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். எங்கள் மாவட்டத்துக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஈரம் ஏறினால் கன்டென்சர் அப்பளம் பொரிக்கும். சிலிகா ஜெல் போட்ட டப்பாவில்தான் அதைத் தூங்கவைக்க வேண்டும்.

தூரத்தை வைத்துச் சத்தத்தைச் சமன் செய்வது புதிய வித்தையும் இல்லை. 1925-ல் மின்சார ரெக்கார்டிங் வரும்வரை மைக்கே கிடையாது. ஒரு பெரிய புனலுக்கு முன்னால் நின்று கத்த வேண்டும். மெல்லிய வாத்தியம் புனலுக்குப் பக்கத்தில், பெரிய வாத்தியம் சுவரோரம். அந்தக் காலத்து மிக்ஸிங் என்பது ஆளைத் தள்ளி நிறுத்துவதுதான். மாமியும் அதைத்தான் முப்பத்தோரு வருஷமாகச் செய்கிறாள். ஆறு பெண்களுக்கு ஒரு மைக் என்றால் மாமி தானாகவே பின்வரிசைக்குப் போய்விடுவாள். “எனக்க குரலு பெருசு, பைய நிண்ணாப் போதும்.”

* * *

எஸ்எம்58 புதிதாக ஒன்று வாங்கினோம். பத்தாயிரத்துச் சொச்சம். கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற கடையில்தான் வாங்க வேண்டும் என்று அண்ணாச்சி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உலகத்தில் அதிகமாகப் போலி செய்யப்படும் மைக்குகளில் இது ஒன்று. பாதி விலைக்குக் கிடைத்தால் சந்தோஷப்படாமல் சந்தேகப்படுங்கள். ஸ்டாண்டும் கேபிளும் தனி. கம்ப்யூட்டரோடு இணைக்கும் கருவி வீடியோ நண்பரின் உபயம். மூச்சுக் காற்றைத் தடுக்கும் வலை, மாமியின் எம்பிராய்டரி வளையத்தில் பழைய நைலான் காலுறையை இழுத்துக் கட்டியது. செலவு பூஜ்யம்.

முக்கியமான உபகரணம் மாமியின் படுக்கையறை. மெத்தை, தலையணை, கனத்த திரை, திறந்து வைத்த பீரோ நிறையப் புடவைகள். எதிரொலி எல்லாம் புடவைக்குள் போய் மடிந்துகொண்டது. தம்பி மின்விசிறியை நிறுத்தினான். பிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கினான். (திரும்பச் செருகுவதற்கு ஞாபகமாக அதற்குள் கார் சாவியை வைத்தான். புத்திசாலி.) ராத்திரி பதினோரு மணிக்கு மேல், மூன்று நாளில் ஐந்து கீர்த்தனைகள். மேல் ஸ்தாயி வந்தால் மாமி தானே பின்னால் சாய்ந்தாள். ‘ஸ்தோத்திரம்’ வந்தால் முகத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பினாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அபுதாபிக்கு அனுப்பினோம். அவன் கேட்டுவிட்டு, சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அனுப்பினான். சபை முழுக்கச் சுற்றியது. ‘யூடியூப்ல போடலாமே’ என்றார்கள்.

ஆபரேஷனுக்கு இரண்டு நாள் இருந்தது. கன்டென்சரைத் திருப்பிக் கொடுக்க எடுத்துப் பையில் வைத்தபோது தம்பி தயங்கினான். “அண்ணே, இதுக்கும் ஒரு வேலை குடுத்துட்டு அனுப்புவோமே?”

சமையலறை பரண் ஓரத்தில், மூன்றடி தள்ளி, அதை வைத்தான். மாமியிடம் சொல்லி அனுமதியும் வாங்கினான். “என்னத்தையும் எடு, என்னைச் சமைக்க விடு” என்றாள். அஞ்சு நிமிஷத்தில் அது அங்கே இருப்பதையே மறந்துவிட்டாள்.

மழை பிடித்துக்கொண்டது. பின்பக்கத் தகரத்தில் முதலில் ஒன்றிரண்டு, பிறகு மொத்தமாக. மாமி தேங்காய் துருவினாள். துருவுகிற தாளத்துக்கு, வாயை முழுசாகத் திறக்காமல், ஒரு தாலாட்டு. சர்ச் பாட்டு இல்லை. அவளுடைய அம்மா பாடியது. நடுவில், “பூனை வருது, அந்தப் பாலை மூடு” என்றாள். மறுபடி அதே சுருதியில் விட்ட இடத்தில் பிடித்தாள். ஏழு நிமிஷம்.

எந்தக் காரணங்களுக்காகக் கன்டென்சரை நிராகரித்தோமோ, அதே காரணங்களுக்காக அந்த ஏழு நிமிஷம் அப்படி அமைந்திருக்கிறது. மழை, துருவல், கரண்டி, பூனை, வீடு. டைனமிக் வைத்திருந்தால் அத்தனையும் போயிருக்கும். தூரத்தில் ஒரு முணுமுணுப்பு மிஞ்சியிருக்கும்.

எந்த மைக் ஒசத்தி என்று இப்போது யாராவது கேட்டால் நான் பதில் சொல்வதில்லை. திருப்பிக் கேட்கிறேன்: எதையெல்லாம் விட்டுவிடச் சம்மதம்? குரல் மட்டும் போதும், மற்றதெல்லாம் வேண்டாம் என்றால் டைனமிக், நாலு விரல் தூரம். அந்த இடமும் வேண்டும், அந்த நேரமும் வேண்டும் என்றால் கன்டென்சர், கொஞ்சம் தள்ளி. விலை இதற்கு அப்புறம்தான் வருகிறது.

அந்த ஏழு நிமிஷத்தையும் அபுதாபிக்கு அனுப்பினோம். ஐந்து கீர்த்தனைகளையும் ஊருக்கே அனுப்பியவன் இதை மட்டும் இன்றுவரை யாருக்கும் அனுப்பவில்லை. எங்களிடமும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

* * *

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டியும் சாதுவான கட்டிதான். பேச்சு இரண்டு மாதத்தில் பழையபடி திரும்பிவிட்டது. மாமா அதைச் சற்று அவசரமாகத் திரும்பிவிட்டதாகவே கருதுகிறார். மேல் ஸ்தாயி மட்டும் வரவில்லை. எட்டிப் பிடிக்கப் போனால் காற்றுதான் வருகிறது. டாக்டர் பயிற்சி சொல்லிக் கொடுத்திருக்கிறார், செய்கிறாள். இப்போதைக்குக் குழுவில் இடம் மாறி, கீழ் சுருதிக்காரர்களோடு நிற்கிறாள்.

“வருத்தமா மாமி?” என்றேன்.

“முப்பத்தோரு வருசம் மேலயே நிண்ணாச்சு. கொஞ்சம் கீழயும் நிண்ணு பாக்கலாமே” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “அந்தப் பாட்டை ஒருக்கா போடு, கேக்கட்டு” என்றாள். போட்டேன். மேல் ஸ்தாயி வருகிற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். “கொள்ளாம்” என்றாள். எங்கள் ஊரில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

இருபதாயிரத்தில் மிச்சம் ஏழாயிரத்துச் சில்லறை. கணக்கெழுதி, மாமியின் மருந்துச் செலவில் சேர்த்தாயிற்று. மைக் மட்டும் மாமி வீட்டில் தங்கவில்லை. விஷயம் பரவி, அக்கம்பக்கத்தில் தாத்தா பாட்டி இருக்கிற வீடுகளெல்லாம் கேட்க ஆரம்பித்துவிட்டன. ஒரு வீட்டில் பாட்டியின் ஒப்பாரி, ஒரு வீட்டில் தாத்தா சொல்லும் பழைய ரப்பர் தோட்டக் கதை, ஒரு வீட்டில் எண்பது வயதுக்காரர் தன் பெண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற குரல், அவ்வளவுதான். தம்பி ஞாயிற்றுக்கிழமைதோறும் மைக்கும் புடவை மூட்டையுமாகக் கிளம்பிவிடுகிறான்.

வாடகை வாங்கலாமே என்றேன், வணிகவியல் புத்தி. மாமி முறைத்தாள். கடைசியில் ஒரு சமரசம்: ரெக்கார்டிங் ஒன்றுக்கு மார்த்தாண்டம் தேன் ஒரு பாட்டில், தொண்டைக்கு நல்லது என்று மாமிக்கு. ஷெல்ஃபில் இப்போது பதினாலு பாட்டில் நிற்கின்றன. பதிந்து வைத்த குரல்களுக்கு வேறு ரசீது கிடையாது.